கஞ்சி போட்ட வேட்டியும் மஞ்சள் சீட்டும்

1

போன மாதம் எங்கள் கட்டட நிர்வாகத்திடமிருந்து ஒரு கடிதம் வந்தது. சுவிஸில் கடிதம் வராத கிழமை கிடையாது. பிறந்தால் கடிதம், இறந்தால் கடிதம், குப்பைப் பையை ஒரு நாள் முந்தி வெளியே வைத்தால் அதற்கும் கடிதம். இது பஞ்சுத்தூசிக் கடிதம்.

ஊரில் இருந்து வாசிப்பவர்களுக்கு விளக்க வேண்டும். இங்கே பன்னிரண்டு குடும்பங்களுக்கும் சேர்த்து நிலவறையில் உடுப்புத் தோய்க்கும் அறை ஒன்றே ஒன்று. ஒரு தோய்க்கும் மெசின், ஒரு ட்ரையர். ட்ரையர் என்பது ஈர உடுப்பை உள்ளே போட்டுச் சுற்றவிட்டால் சூடு காட்டிக் காயவைத்துத் தரும் பெட்டி. இரண்டு கிழமைக்கு ஒரு நாள் ஒரு குடும்பத்துக்கு. எனக்கு வியாழன். வெள்ளி காலையில் என் ஈர உடுப்பு அங்கே கிடந்தால் கொலைக்குற்றம். விதிகள் சட்டகம் போட்டுச் சுவரில் தொங்குகின்றன. எங்கள் வீட்டுச் சாமிப் படத்துக்குக்கூட அவ்வளவு நல்ல சட்டகம் இல்லை. ஏழாவது விதி: வேலை முடிந்ததும் ட்ரையரின் வடிகட்டியில் சேரும் பஞ்சுத்தூசியை எடுத்துவிட வேண்டும்.

வியாழக்கிழமைக்குப் பிறகு வடிகட்டியில் ஒரு பிடி தூசி காணப்பட்டதாகவும், இன்னொரு முறை நடந்தால் என் முறை பறிக்கப்படும் என்றும் கடிதம் சொன்னது. ஆதாரத்துக்குப் படமும் இணைத்திருந்தார்கள். கண்ணுக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்தேன். செம்மஞ்சள் மயிர். எங்கள் வீட்டில் பூனை இல்லை. மூன்றாம் மாடி அம்மையாரின் பூனைக்குத்தான் அந்த நிறம்.

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. பதினெட்டு வருடமாக ஒரு முதியோர் இல்லத்தில் உடுப்புத் தோய்க்கும் பகுதியில் வேலை செய்கிறவள் நான். எனக்கு வடிகட்டி துடைக்கத் தெரியாதாம். அங்கேயே குந்தி, எனக்குத் தெரிந்த ஜெர்மனில் ஒரு பதில் எழுதினேன். மகள் ஆரணி அதை வாங்கிப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். அவள் இங்கே பிறந்து வளர்ந்தவள்; தமிழைச் சூடான பாத்திரம் மாதிரி நுனி விரலால் பிடிப்பவள்.

“அம்மா, நீங்கள் ‘நான் ஊத்தை இல்லை’ எண்டு எழுதியிருக்கிறீங்கள். ‘ஊத்தை என்னுடையது இல்லை’ எண்டுதான் எழுத வேணும்.”

“ரெண்டும் உண்மைதானே? அப்பிடியே அனுப்பு.”

அவள் திருத்தித்தான் அனுப்பினாள். நாலாம் நாள் பதில் வந்தது. தவறுதலாக உங்கள் மீது குற்றம் சாட்டியதற்கு மனம் வருந்துகிறோம் என்று, முத்திரை குத்தி, இரண்டு பேர் கையெழுத்திட்டு. அதைக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டினேன். பால் எடுக்கப் போகும்போதெல்லாம் ஒரு தரம் வாசித்தேன். இரண்டு நாள் இனித்தது. மூன்றாம் நாள் அதைப் பார்க்கவே அருவருப்பாக வந்தது.

அருவருப்பு அவர்கள் மீது இல்லை, என் மீது. செய்யாத பிழையைச் சுமந்துகொண்டு, கிளிநொச்சிப் பக்கம் ஜெயபுரத்தில் ஒரு மனிசி இருக்கிறார். இரண்டு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. அவருக்கு ஒரு மன்னிப்புக் கடிதமும் போகவில்லை. எழுத வேண்டியவள் நான்.

அவர் என் அண்ணாவின் மனைவி, தவமலர் மச்சாள். நீங்கள் கையில் வைத்திருக்கும் இந்த இதழ் அவர்கள் வீட்டுக்கும் போகிறது. என் குறிப்புகள் வந்தால் மச்சாள் கட்டிலடியில் கதிரையைப் போட்டு அண்ணாவுக்கு உரக்க வாசித்துக் காட்டுவார். அதற்குப் பயந்துதான் இவ்வளவு காலமும் பனியையும் பஸ்ஸையும் பள்ளிக்கூடத்தையும் பற்றி எழுதிக்கொண்டிருந்தேன்.

2

நான் செய்யும் வேலையை ஊரில் யாருக்கும் முழுதாகச் சொன்னதில்லை. “ஆஸ்பத்திரி மாதிரி ஒரு இடம்” என்று சொல்லி வைத்திருக்கிறேன். தாதி வேலை என்று அவர்கள் நினைத்தால் அது என் பிழை இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். உண்மையில், கிழவர் கிழவியரின் மூத்திரச் சீலை பைபையாக வரும். பிரித்து, எண்ணெய்க் கறையை ஒரு பக்கம், இரத்தத்தை ஒரு பக்கம், மற்றதை இன்னொரு பக்கம் போட வேண்டும். வெள்ளைக்காரரின் மலமும் மலம்தான் என்பதை முதல் கிழமையிலேயே தெரிந்துகொண்டேன். மூக்குப் பழகிவிடும் என்றார்கள். பதினெட்டு வருடமாகியும் என் மூக்குப் பழகவில்லை.

ஒரு விஷயத்தில் மட்டும் அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். படுக்கைப்புண் உள்ளவரின் கட்டிலுக்குப் போகும் சீலையைத் தலைமைத் தாதி எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துப் பார்ப்பார். கையில் தெரியாத ஈரம் கன்னத்தில் தெரிந்துவிடும். துளி ஈரம் இருந்தால் முழுக் கட்டும் எங்களிடம் திரும்பி வரும்.

இன்னொரு ஒழுங்கும் உண்டு. மெசினில் கோளாறு கண்டால் கண்டவரே ஒரு மஞ்சள் சீட்டில் எழுதி, கையெழுத்திட்டு, அதன் கதவில் ஒட்ட வேண்டும். என்ன கோளாறு, ஏன் பாவிக்கக் கூடாது, என்ன செய்ய வேண்டும். மூன்று வரி. சொற்பிழை இருந்தால் பரவாயில்லை, ஒட்டாமல் விடக் கூடாது.

இரண்டரை வருடத்துக்கு முன் எங்கள் பகுதியில் ஒரு சின்ன ட்ரையரைக் கழித்தார்கள். அதற்கு ஏழெட்டு மாதத்துக்கு முன் அண்ணா வயல் வரம்பில் விழுந்தவர். பாரிசவாதம். இடப் பக்கம் முழுதும் போய், பேச்சும் போய், கட்டிலோடு ஆகிவிட்டார். முதல் மாரியிலேயே முதுகில் புண். கிளிநொச்சி ஆஸ்பத்திரியில், எப்படியாவது ஈரம் படாமல் வைத்திருங்கள் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். கார்த்திகை, மார்கழியில் ஜெயபுரத்தில் எதைக் காயவைக்கலாம்? விறகே காயாது.

மேலாளரிடம் போய், அந்த ட்ரையரை எனக்குத் தருவீர்களா என்று கேட்டேன். எடுத்துக்கொண்டு போ, வீசுகிற வேலை மிச்சம் என்றார். ஏன் கழிக்கிறீர்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்க எனக்குத் தேவை இருக்கவில்லை.

நாங்கள் ஊருக்கு அனுப்பும் பெட்டிகளைப் பற்றி யாராவது உண்மை எழுத வேண்டும். திகதி முடிய ஒரு மாதம் இருக்கும் சொக்லேட், ஸிப் பிய்ந்த பை, எங்கள் பிள்ளைகளின் காலைக் கடித்த சப்பாத்து, ஒரு கை போட்டுப் பார்த்துப் பிடிக்காமல் போன சட்டை. குப்பைக்குப் போட்டால் இங்கே அதற்கும் விதி இருக்கிறது. ஊருக்கு அனுப்பினால் புண்ணியம் என்கிறார்கள். அனுப்பிய மறுநாளிலிருந்து “கிடைச்சுதோ, கிடைச்சுதோ” என்று நச்சரித்து நன்றியும் வாங்கிக்கொள்வோம்.

கப்பல் சாமான் படிவத்தில் ஒரு கட்டம் இருந்தது: பொருளின் நிலை. “பாவித்தது, நல்ல நிலையில் உள்ளது” என்று எழுதிக் கையெழுத்திட்டேன். கோயில் மண்டபத்தில் கண்டவர்களிடமெல்லாம், அண்ணாவுக்கு ட்ரையர் அனுப்பியிருக்கிறேன் என்று சொன்னேன். கேட்காதவர்களுக்கும் சொன்னேன்.

3

பிறகு ஒவ்வொரு ஞாயிறும் ஒரே கேள்வி, ஒரே பதில்.

“மெசின் ஓடுதோ மச்சாள்?”

“ஓம், சோக்கா ஓடுது. நீர் யோசிக்காதையும் வசந்தி.”

இரண்டு மாரி இப்படிப் போயிற்று. எனக்கும் நிம்மதியாக இருந்தது. வெளிநாட்டுக்காரர் ஊருக்குப் போவது ஆடி, ஆவணியில். நல்ல வெயில், திருவிழாக் காலம், மாம்பழம். புழுதியைத் திட்டிவிட்டுத் திரும்பி வருவோம். மாரியில் அங்கே போகப் பைத்தியமா என்று கேட்பார்கள். போன வருடம் ஆவணி லீவை வேறொருத்திக்குக் கொடுத்துவிட்டதால் எனக்குக் கார்த்திகைதான் கிடைத்தது. சொல்லாமல் போய் இறங்கினேன்.

கிளிநொச்சியில் பஸ் ஏறும்போது பிடித்த மழை, ஜெயபுரத்தில் இறங்கி ஓட்டோவில் போகும் வரைக்கும் விடவில்லை. படலையைத் திறந்தபோதே மணம் வந்தது. எனக்கு நன்கு தெரிந்த மணம். சம்பளத்துக்கு நான் முகரும் அதே மணம், இங்கே புகையோடு கலந்து வந்தது.

குசினியில் குறுக்கும் நெடுக்குமாகக் கயிறு. கயிறு முழுதும் சீலைகள். கீழே அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. மச்சாள் ஒரு சீலையை நெருப்புக்கு நேரே விரித்துப் பிடித்தபடி கண் சிவந்து நின்றார். என்னைக் கண்டதும் சிரிக்கப் பார்த்தார். கையில் இருந்த சீலையை எங்கே ஒளிப்பது என்று தெரியாமல் முதுகுக்குப் பின்னால் பிடித்தார்.

அறைக்குள் போனேன். அண்ணா என்னைப் பார்த்து ஒரு பக்க வாயால் அழுதார். அவருக்குக் கீழே விரித்திருந்த சீலையின் தலைப்பை எடுத்துக் கன்னத்தில் வைத்தேன். குளிர்ந்தது. மெல்லச் சரித்து முதுகைப் பார்த்தேன். நான் பார்த்ததை இங்கே எழுதப் போவதில்லை. என் உள்ளங்கை அதற்குள் அடங்கியிருக்கும் என்று மட்டும் சொல்கிறேன்.

ட்ரையர் வீட்டு முன்கூடத்து மூலையில் இருந்தது. மேலே கையால் பின்னிய வெள்ளை விரிப்பு. விரிப்பின் மேல் பிளாஸ்டிக் பூச்சாடி. கதவின் நடுவில் குங்குமப் பொட்டு, காய்ந்து கறுத்திருந்தது.

“உது ஓடேல்லையோ?” என்றேன்.

மச்சாள் விரிப்பின் நுனியை இழுத்துச் சரிசெய்தார்.

“ரெண்டு வருஷமா சோக்கா ஓடுதெண்டு எனக்கு ஏன் பொய் சொன்னனீங்கள்?”

4

அண்ணா, வயல் செய்கிற கமக்காரர்களின் அமைப்புக்குத் தலைவராக இருந்தவர். கிழமை முழுதும் சேற்றில் நின்றாலும் வெள்ளிக்கிழமை பின்னேரம் கிணற்றடியில் தோய்ந்து, கஞ்சி போட்டு மொடமொடப்பாக்கிய வேட்டியைக் கட்டிக்கொண்டு கோயிலுக்கு நடந்து போவார். நடக்கும்போது வேட்டி சரசரக்கும். விழுந்த பிறகும் மச்சாள் அதை விடவில்லை. வெள்ளி பின்னேரம் உடம்பு துடைத்து, கஞ்சி போட்ட வேட்டியைச் சுற்றி, தலையணை முட்டுக் கொடுத்துக் கதிரையில் அரை மணி இருத்துவார். சண்டைக்கு இடம்பெயர்ந்து தறப்பாள் கூடாரத்துக்குள் கிடந்த காலத்திலும் அரிசி வடித்த கஞ்சியில் ஒரு கோப்பையை வேட்டிக்கென்று எடுத்து வைத்தவர் அவர். இது எனக்கு முன்பே தெரியும். தெரியாதது, மெசின் வந்த அன்று நடந்தது.

மச்சாள் குசினி வாசலில் நின்று தரையைப் பார்த்தபடி சொன்னார்.

“புது மெசினுக்கு முதல் முதல் மூத்திரச் சீலையைப் போட எனக்கு மனம் வரேல்லை வசந்தி. பொட்டு வைச்சு, கற்பூரம் காட்டி, உம்மட அண்ணான்ர வேட்டியைத்தான் முதல் போட்டனான். நல்லாப் பிழிஞ்சுதான் போட்டனான்.”

“கஞ்சியோடயோ?”

“கஞ்சி போடாத வேட்டியை அவர் எப்ப கட்டினவர்?”

“பிறகு?”

“பத்து நிமிஷம் ஓடி நிண்டிட்டுது. வேட்டி சொதசொதவெண்டு இருக்கு. திருப்பிப் போட்டன். திருப்பியும் நிண்டுது. அடுத்த நாள் சீலையைப் போட்டுப் பாத்தன், அதுவும் அப்பிடித்தான். உள்ளுக்குக் கையை விட்டுத் தடவினா எல்லா இடமும் கஞ்சிப் பசை. அண்டைக்கே விளங்கிட்டுது, நான்தான் பழுதாக்கிப் போட்டனெண்டு.”

“அதை எனக்குச் சொல்ல வேண்டாமோ?”

“எந்த முகத்தோட சொல்லுறது? கடல் கடந்து வந்த சாமான். எங்களுக்கெண்டு கேட்டு அனுப்பினனீர். ஒரு நாள்கூடப் பாவிக்கத் தெரியாம நாசமாக்கிப் போட்டனெண்டு சொல்ல ஏலுமே?”

அந்த இடத்தில் நான் நிறுத்தியிருக்க வேண்டும். ஒரு நாள் முழுதும் பறந்து, ஒரு நாள் பஸ்ஸில் வந்து, அந்த முதுகையும் பார்த்துவிட்டு நின்றேன். வாயில் வந்ததைச் சொன்னேன்.

“உங்கட கஞ்சியாலதான் அண்ணான்ர முதுகு அழுகுது.”

மச்சாள் தலையாட்டினார். மறுக்கவில்லை. ஓம் என்பதுபோல இரண்டு தரம் தலையாட்டிவிட்டு, அடுப்புக்கு மேல் தொங்கிய சீலையைத் திருப்பிப் போட்டார். அறைக்குள் இருந்து அண்ணா தன் நல்ல கையால் கட்டில் சட்டத்தில் அடிக்கும் சத்தம் கேட்டது. நான் போய்ப் பார்த்தபோது முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

5

அடுத்த நாள் காலை, பிளக்கைக் கழற்றிவிட்டு, அண்ணாவின் ட்ரக்டர் கருவிப் பெட்டியிலிருந்து ஒரு ஸ்குரூ டிரைவரை எடுத்துக்கொண்டு மெசினுக்கு முன்னால் குந்தினேன்.

பின் தகட்டைக் கழற்றியதும் எலி மணம் குப்பென்று அடித்தது. கஞ்சிக்கு வந்த எலி குடும்பத்தோடு குடியேறியிருந்தது. பஞ்சுத்தூசி, கிழிந்த சாக்கு, எலிப்புழுக்கை, காய்ந்துபோன ஒரு குட்டி. கரப்பான்கள் என் கையில் ஏறி ஓடின. வடிகட்டியை இழுத்தால் வரவில்லை. பலமாக இழுத்தேன், கஞ்சியும் தூசியும் சேர்ந்து பழைய புண்ணின் பொருக்கு மாதிரித் தடித்து, கறுத்து, பூஞ்சணம் பிடித்து வந்தது. வெளியே ஓடிப் போய் வாழைக்குப் பக்கத்தில் வாந்தி எடுத்தேன். மச்சாள் தண்ணீர்ச் செம்போடு பின்னால் வந்து நின்றார்.

“விடும் வசந்தி. நான் செய்த ஊத்தையை நான் துப்புரவாக்கிறன்.”

“நீங்கள் இனி அதில கை வைக்க வேண்டாம்,” என்றேன்.

கதவுக்குக் கீழே, உருளைக்கு முன்னால், விரல் நீளத்தில் இரண்டு உலோகப் பட்டைகள் இருக்கும். ஈரத் துணி சுற்றி வந்து அவற்றில் படும்போது, இன்னும் காயவில்லை என்று மெசினுக்குத் தெரியும். ஈரம் தட்டுப்படாவிட்டால், எல்லாம் காய்ந்துவிட்டது என்று நின்றுவிடும். இரண்டு பட்டைகளிலும் கஞ்சி மெழுகாகப் படிந்திருந்தது. பத்து நிமிடத்தில் நிற்பதற்குக் காரணம் கண்டுவிட்டேன் என்று எனக்கு உள்ளூர ஒரு சந்தோஷம்கூட வந்தது, வெட்கக்கேடு. தேசிக்காயை வெட்டி அதன் புளிச்சாற்றால் தேய்த்தேன். பட்டைகள் பளபளத்தன. ஒரு சீலையைப் போட்டு ஓடவிட்டேன்.

பத்தாவது நிமிடம் நின்றது. சீலை ஈரம்.

“இன்னும் கஞ்சி கிடக்கு,” என்றேன் மச்சாளைப் பார்த்து. திரும்பத் தேய்த்தேன். திரும்ப நின்றது.

அப்போது மச்சாள் அலுமாரியைத் திறந்து, சேலைகளுக்குக் கீழே இருந்து ஒரு பொலித்தீன் உறையை எடுத்து வந்தார். காணி உறுதியும் பிறப்பு அத்தாட்சியும் வைக்கும் உறை.

“இது மெசின்ர கதவில ஒட்டியிருந்தது. உம்மட கையெழுத்துக் கிடந்தபடியா, பாவிக்கிற முறை எழுதி விட்டிருக்கிறீரெண்டு பத்திரமா எடுத்து வைச்சனான். எங்களுக்கு இந்தப் பாசை விளங்காது. உம்மட்டக் கேட்டா, ஏன் கேக்கிறீங்கள் எண்டு கேப்பீரெண்டு பயத்தில விட்டிட்டன். இதில பழுது பாக்கிற முறை ஏதும் கிடக்கோ பாரும்.”

மஞ்சள் சீட்டு. ஒரு மூலையில் குங்குமம் பட்டிருந்தது. நான் எழுதியது. அவசரத்தில் மெசினைப் பெட்டிக்குள் ஏற்றும்போது உரிக்க மறந்துபோனது.

அந்த ட்ரையர் நடுவில் நின்றுவிடும் என்பதை முதலில் கண்டவளே நான்தான். சீட்டு எழுதி ஒட்டியவளும் நான்தான். பராமரிப்புக்காரர் வந்து பார்த்து, ஈரம் அறியும் பட்டையிலிருந்து போகும் கம்பியாக இருக்கும், ஒரு கம்பிக்காக மெனக்கெடுவதைவிடப் புதிது வாங்கலாம் என்று சொன்னதையும் நான் பக்கத்தில் நின்று கேட்டேன். அதற்குப் பிறகுதான் மேலாளரிடம் போய் அதைக் கேட்டேன். இங்கே தானே உதவாது, ஊருக்கு இது போதும் என்று நினைத்தேன். இந்தச் சொற்களிலேயே நினைத்தேன். பிறகு அதை மறந்தும் போனேன். மறப்பதற்கு நான் ஒரு பாடும் படவில்லை என்பதுதான் கேவலம்.

“என்ன எழுதியிருக்கு?” என்று மச்சாள் கேட்டார்.

முழங்காலில் இருந்தபடி அவரை அண்ணாந்து பார்த்தேன். கண்ணில் இரண்டு வருடப் புகை.

“வடிகட்டியை ஒவ்வொரு நாளும் துப்புரவாக்கச் சொல்லி எழுதினனான்,” என்றேன்.

மச்சாள் நெற்றியில் அடித்துக்கொண்டார். “பாரும், அதையும் நான் செய்யேல்லை.”

6

இனி எங்கே பார்க்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். முன் தகட்டைக் கழற்றினேன். பட்டைகளிலிருந்து போகும் இரண்டு மெல்லிய கம்பிகளில் ஒன்று அறுந்து தொங்கியது. பிளேட்டால் சுரண்டி, முறுக்கி, கறுப்பு ஒட்டுநாடா சுற்றினேன். கால் மணி நேர வேலை. முதியோர் இல்லத்திலும் அது கால் மணி நேர வேலைதான்.

இரண்டு சீலைகளைப் போட்டேன், மெசின் ஓடியது. பத்து நிமிடம் தாண்டியது. இடையில் ஒரு தரம் கரண்ட் போய் வந்தது. திரும்பப் போட்டேன், ஓடியது. கடைசியில் எடுத்த சீலையைக் கன்னத்தில் வைத்தேன். காய்ந்து, சூடாக, ஒரு மணமும் இல்லாமல் இருந்தது. அண்ணாவைச் சரித்து அதை விரித்தோம். அண்ணா கண்ணை மூடினார். அவருடைய நல்ல கை சீலையைத் தடவிக்கொண்டே இருந்தது.

இந்த வகை மெசினில், துணியிலிருந்து பிரியும் தண்ணீர் ஒரு தட்டில் சேரும். மச்சாள் தட்டை இழுத்துப் பார்த்தார். இரண்டு சீலையின் தண்ணீர், ஒரு செம்புக்கு மேல் இருந்தது. அதை வாசலுக்குக் கொண்டுபோய் வெளிச்சத்தில் பிடித்தார்.

“இவ்வளவு ஈரத்திலயோ இந்த மனிசனைக் கிடத்தி வைச்சிருந்தனான்?” என்றார்.

அப்போது சொல்லியிருக்கலாம். நான் போய் எலிப்புழுக்கையைக் கூட்டி அள்ளினேன்.

நான் நின்ற பத்து நாளுக்குள் ஒரு வெள்ளிக்கிழமை வந்தது. பின்னேரம் மச்சாள் அண்ணாவைத் துடைத்து, வேட்டிக்குப் பதிலாகப் பழஞ்சாரம் ஒன்றை இடுப்பில் கட்டிக் கதிரையில் இருத்தினார். சாரம் துவண்டு கிடந்தது. அண்ணாவும் அதற்குள் துவண்டு கிடந்தார்.

“வேட்டிக்குக் கஞ்சி போடேல்லையோ மச்சாள்?”

“அதை மெசின் நிண்ட அண்டையோட விட்டிட்டன். வேட்டி எல்லாத்தையும் மடிச்சுப் பெட்டிக்குள்ள வைச்சிட்டன். கஞ்சியைக் கண்டாலே எனக்கு அவற்ற முதுகுதான் தெரியுது.”

அதற்கும் நான் வாய் திறக்கவில்லை. புறப்படும்போது கோயிலடிச் சனம் எல்லாம் வந்து, வெளிநாட்டில் இருந்து வந்து தானே கழற்றிப் பூட்டித் திருத்தினாளாம் என்று என்னைப் புகழ்ந்தது. மச்சாள்தான் எல்லோருக்கும் சொல்லியிருந்தார். தான் பழுதாக்கியதையும் சேர்த்தே சொல்லியிருந்தார். எனக்குப் பயணத்துக்கு பனங்கிழங்கு ஒடியல் மாவும் எள்ளுருண்டையும் கட்டித் தந்தார். நான் வாங்கிக்கொண்டு வந்தேன்.

7

மஞ்சள் சீட்டை அங்கே விட்டுவர எனக்குத் துணிவு வரவில்லை. யாராவது ஜெர்மன் தெரிந்தவர் வந்து வாசித்துவிட்டால்? கைப்பைக்குள் வைத்துக் கொண்டுவந்தேன். கிழித்தும் போடவில்லை. ஏன் என்று தெரியாது.

நிர்வாகத்தின் மன்னிப்புக் கடிதத்தைக் கதவில் ஒட்டிய மூன்றாம் நாள், ஆரணி பஸ் அட்டை தேடி என் கைப்பையைக் கிளறினாள். சீட்டு அகப்பட்டது. எங்கள் வீட்டில் ஜெர்மனையும் என் கையெழுத்தையும் ஒருசேர வாசிக்கத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். நின்றபடியே வாசித்தாள். திகதியைப் பார்த்தாள்.

“இது மாமிக்கு அனுப்பின மெசினோ?”

“ஓம்.”

“இதை எழுதிப்போட்டோ அனுப்பினீங்கள்?”

“ஓம்.”

“மாமிக்குத் தெரியுமோ?”

“தெரியாது. அவா தன்ர பிழையெண்டு நினைச்சுக்கொண்டு இருக்கிறா.”

ஆரணி என்னைப் பார்த்தாள். பதின்மூன்று வயதில் என்னோடு வேலையிடத்துக்கு ஒரு நாள் வந்து, சீலைப் பை திறந்ததும் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடியவள். அன்று அந்தப் பையைப் பார்த்த அதே முகம். அந்தக் கடிதத்தைக் கதவிலிருந்து உரித்து, சீட்டோடு சேர்த்து மேசையில் என் முன்னால் வைத்துவிட்டுப் போனாள். அவள் தமிழை மறந்துபோகிறாள், எங்கள் பழக்கவழக்கம் தெரியாமல் வளர்கிறாள் என்று நான் இந்தப் பக்கங்களில் எத்தனை தரம் புலம்பியிருக்கிறேன். நான் எதைப் பழக்கி வைத்திருக்கிறேன் என்று இப்போது தெரிகிறது.

தொலைபேசியில் சொல்ல மூன்று ஞாயிறு முயன்று பார்த்தேன். மூன்று தரமும் “மெசின் ஓடுதோ?” என்றுதான் வாயில் வந்தது. “ஓம், சோக்கா ஓடுது” என்றார் மச்சாள். இந்த முறை அது உண்மை. முதுகுப் புண் மேல் பக்கம் மூடி வருகிறதாம்.

அதனால் இங்கே எழுதுகிறேன். மச்சாள், இந்த இடத்துக்கு வந்ததும் நிறுத்திப்போட்டு எழும்பிப் போகாதையுங்கோ. அண்ணாவுக்குக் கேட்கிற மாதிரி உரக்க வாசியுங்கோ. அந்தச் சீட்டில் வடிகட்டியைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. மெசின் கப்பல் ஏற மூன்று கிழமைக்கு முந்தின திகதி போட்டு, என் கையெழுத்தில் இருப்பது இவ்வளவுதான்:

“பத்து நிமிடத்தில் நிற்கிறது, சீலை ஈரமாகவே வருகிறது.

படுக்கைப்புண் உள்ளவர்களுக்குப் பாவிக்கக் கூடாது.

வீசிவிடவும்.”

உங்கட கஞ்சியில் ஒரு பிழையும் இல்லை. பெட்டியைத் திறந்து அண்ணாவின் வேட்டியை எடுங்கோ. வாற வெள்ளிக்கிழமை கஞ்சி போட்டுக் கட்டிவிடுங்கோ.